டிரைவ்வே கான்கிரீட்: மேலே தெரியும் 5 இன்ச்சுக்கு இல்லை, கீழே மறையும் 8 இன்ச்சுக்குத்தான் காசு!



மே மாதம் வந்தால் டொரான்டோ பக்கம் நம்ம தெருக்கள் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் என்று எங்கே போனாலும் தெருவுக்கு ஒரு வீட்டில் பழைய தாரை உடைத்து அள்ளிக்கொண்டு இருப்பார்கள். லெட்டர் பாக்ஸில் நோட்டீஸ் விழும். "பக்கத்து வீட்டுல வேலை பண்றோம், மெஷின் இங்கேயே இருக்கு, உங்களுக்கும் சேர்த்துப் பண்ணினா ரேட் குறைச்சுத் தர்றோம்" என்று ஒருவர் கதவைத் தட்டுவார்.

நம்ம சேனலில் வீட்டுச் செலவு பற்றி எந்த வீடியோ போட்டாலும் கமென்டில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "ஒருத்தர் 9,000 டாலர் சொல்றார், இன்னொருத்தர் அதே இடத்துக்கு 13,000 சொல்றார். ரெண்டும் கான்கிரீட்தானே? எதுக்கு 4,000 அதிகம் கொடுக்கணும்?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், சிவில் இன்ஜினியர் இல்லை. ஆனால் கொட்டேஷனைப் படிக்கிறதும், "இந்தப் பணம் எங்கே போகுது?"ன்னு கேட்கிறதும் என் தொழில். அந்தக் கண்ணோடு இந்த வேலையைப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். குளிர் நாட்டில், களிமண் மேல், கான்கிரீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிற செலவெல்லாம் வேலை முடிந்த அன்றைக்கே மண்ணுக்குள் மறைந்துவிடும். அதனால்தான் இதில் ஏமாறுவது ரொம்ப சுலபம்.

வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மண்ணைப் புரிஞ்சுக்கோங்க

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கரிசல் மண் மழையில் ஊறினால் வீங்கும், வெயிலில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த மண்ணில் கட்டின சுவர் எப்படி விரிசல் விடும்னு பார்த்தே வளர்ந்திருப்பீங்க. டொரான்டோ வட்டாரத்தில் பல இடங்களில் மேல் மண்ணை நீக்கினால் கிடைப்பதும் களிமண் கலந்த, பனிப்பாறைகள் விட்டுச் சென்ற மண்தான். கரிசல் அளவுக்கு வீங்காது. ஆனால் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு லேசில் விடாது.

இதோடு குளிர் சேரும்போதுதான் பிரச்சினை. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும் என்று பள்ளியில் படித்திருப்போம். தரை தூக்குவதற்கு அது மட்டும்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் கதைதான். குளிர் மேலிருந்து கீழே இறங்கும்போது, உறைந்த மண்ணுக்கும் உறையாத மண்ணுக்கும் நடுவில் ஒரு எல்லை உருவாகிறது. அந்த எல்லை, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, கீழே இருக்கும் ஈரத்தை மேலே இழுக்கும். இழுத்த தண்ணீர் தகடு தகடாகப் பனிக்கட்டியாகும். அந்தத் தகடு தடிக்கத் தடிக்க மேலே இருப்பதை எல்லாம் தூக்கும்.

இதைத் தெளிவாக நிரூபித்தவர் ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியல் அறிஞர். 1930 வாக்கில் அவர் செய்த சோதனையில் தண்ணீருக்குப் பதிலாக, உறைந்தால் விரியாமல் சுருங்குகிற பென்சீனைப் பயன்படுத்தினார். அப்போதும் மண் மேலே தூக்கியது! விரிவதைவிட, கீழிருந்து ஈரத்தை இழுப்பதுதான் பெரிய வேலையைச் செய்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது.

ஆகவே தரை தூக்க மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர வேண்டும்: குளிர், ஈரம், ஈரத்தை மேலே இழுக்கக்கூடிய நுண்ணிய மண். குளிரை நாம் ஒன்றும் செய்ய முடியாது. டொரான்டோ பகுதியில் அஸ்திவாரத்துக்குப் பொதுவாகக் கணக்கில் எடுக்கும் உறைபனி ஆழம் 1.2 மீட்டர், அதாவது 4 அடி. டிரைவ்வேக்கு யாரும் 4 அடி தோண்டப் போவதில்லை. மிச்சம் இருப்பது ஈரமும் மண்ணும். நீங்க கொடுக்கிற கூடுதல் பணம் இந்த இரண்டைச் சமாளிக்கத்தான் போக வேண்டும்.

9,000-க்கும் 13,000-க்கும் நடுவில் 26 டன்

இப்போது கொட்டேஷனுக்கு வருவோம். கீழே வரும் டாலர் தொகைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, சந்தை விலை இல்லை. அளவுகள் மட்டும் சாதாரணப் பெருக்கல் கணக்கு. நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

டிரைவ்வே 600 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம்.

கொட்டேஷன் அ: 9,000 டாலர், கேஷ். 4 இன்ச் கான்கிரீட், அடியில் 4 இன்ச் ஜல்லி.

கொட்டேஷன் ஆ: 13,000 டாலர், ஹெச்.எஸ்.டி. வரி சேர்த்து, முழு பில்லோடு. 5 இன்ச் கான்கிரீட், அடியில் இறுக்கி அடித்த 8 இன்ச் ஜல்லி, அதற்கும் களிமண்ணுக்கும் நடுவில் ஜியோடெக்ஸ்டைல் துணி.

அ-வுக்கு 8 இன்ச் தோண்டினால் போதும். ஆ-வுக்கு 13 இன்ச். இந்த 5 இன்ச் வித்தியாசம் 600 சதுர அடிக்கு 250 கன அடி, சுமார் 7 கன மீட்டர் களிமண். எடையில் ஏறக்குறைய 14 டன். அதைத் தோண்டி, லாரியில் ஏற்றி, கொட்டுகிற இடத்தில் கட்டணமும் கட்ட வேண்டும்.

ஜல்லியில் 4 இன்ச் வித்தியாசம் 200 கன அடி. இறுக்கி அடித்த ஜல்லி என்றால் சுமார் 12 டன். அதை வாங்கி, கொண்டுவந்து, ஒரேயடியாகக் கொட்டாமல் அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் மெஷினால் இறுக்க வேண்டும்.

கான்கிரீட்டில் 1 இன்ச் வித்தியாசம் 50 கன அடி, அதாவது சுமார் 1.4 கன மீட்டர்.

பார்த்தீங்களா? வெளியே போகிற மண் 14 டன், உள்ளே வருகிற ஜல்லி 12 டன். இரண்டு கொட்டேஷனுக்கும் நடுவில் 26 டன் வேலை இருக்கிறது. வேலை முடிந்த மறுநாள் தெருவில் நின்று பார்த்தால் இரண்டு டிரைவ்வேயும் ஒரே மாதிரிதான் தெரியும். அ-தான் லாபம் என்று தோன்றும். மூன்றாவது குளிர்காலத்தில்தான் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்.

ஜல்லி என்ன செய்கிறது?

8 இன்ச் ஜல்லி போட்டால் குளிர் கீழே போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. குளிர் அதைத் தாண்டியும் போகும். தூக்குவதை முழுசாக நிறுத்த முடியாது. ஜல்லியின் வேலை வேறு. கற்களுக்கு நடுவில் இடைவெளி பெரிது என்பதால், களிமண் இழுக்கிற மாதிரி அது ஈரத்தை மேலே இழுக்காது. மேலிருந்து இறங்கும் தண்ணீரும் அதில் தேங்காமல் ஓடிவிடும். காரின் எடையைப் பரவலாக இறக்கும். தரை தூக்கினாலும் ஒரு மூலை மட்டும் தூக்காமல் ஓரளவு ஒரே சீராகத் தூக்கி, வசந்தத்தில் ஒரே சீராக இறங்க உதவும். கான்கிரீட்டை உடைப்பது பெரும்பாலும் இந்தச் சீரற்ற அசைவுதான்.

இதில் ஒரு கண்ணி இருக்கு. களிமண்ணில் குழி தோண்டி ஜல்லி நிரப்பினால் அது தொட்டி மாதிரி ஆகிவிடும். தண்ணீர் உள்ளே வரும், வெளியே போக வழி இருக்காது. ஜல்லிக்கு அடியில் இருக்கும் களிமண்ணையே தெருப் பக்கமோ ஓரமோ சரிவாக வெட்டியிருக்க வேண்டும். தேவைப்பட்டால் ஓட்டை போட்ட வடிகால் குழாயும் வைக்க வேண்டும். "அடி மண்ணுக்கு சரிவு எந்தப் பக்கம்? தண்ணி எங்க போய்ச் சேரும்?" இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க. வேலை தெரிந்தவர் உடனே கையைக் காட்டிப் பதில் சொல்வார்.

கூரைத் தண்ணீர்க் குழாய் டிரைவ்வே ஓரத்தில் வந்து கொட்டுகிறதா? முதலில் அதைத் திருப்பிவிடுங்க. இதற்கு ஆகிற செலவு ரொம்பக் குறைவு, பலன் பெரிது.

கான்கிரீட் லாரி டிக்கெட்டும் ஒரு வவுச்சர்தான்

ஆடிட்டில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாயால் சொன்னதை நம்ப மாட்டோம், வவுச்சர் கேட்போம். கான்கிரீட்டுக்கும் வவுச்சர் இருக்கு. ரெடிமிக்ஸ் லாரி வரும்போது டிரைவர் கையில் ஒரு டெலிவரி டிக்கெட் இருக்கும். என்ன கலவை, எவ்வளவு கன மீட்டர், எத்தனை மணிக்கு ஏற்றினார்கள் என்ற விவரம் அதில் இருக்கும்.

கனடாவின் கான்கிரீட் தரநிலை சி.எஸ்.ஏ. ஏ23.1. அதில் டிரைவ்வே, நடைபாதை, வெளிப் படிகள் மாதிரி உப்பும் உறைபனியும் படுகிற இடங்களுக்கு சி-2 என்று ஒரு வகுப்பு உண்டு. அதற்கு மூன்று எண்கள்: 28 நாளில் குறைந்தது 32 மெகாபாஸ்கல் வலு, தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக்கூடாது, வழக்கமான ஜல்லி அளவுக்குக் காற்று 5 முதல் 8 சதவீதம்.

காற்றா? ஆமா, வேண்டுமென்றே கலப்பதுதான். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சின்னக் குமிழ்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் உறையும்போது நகர்ந்து போக இடம் கொடுப்பவை அவை. அந்தக் குமிழ் இல்லாத கான்கிரீட் நம்ம ஊரில் ஐம்பது வருஷம் நிற்கலாம். இங்கே சில குளிர்காலத்திலேயே மேல்தோல் செதில் செதிலாக உரியும்.

இன்னொன்றையும் கவனிங்க. கலவை கெட்டியாக இருந்தால் பரப்புவது சிரமம். அதனால் சில இடங்களில் வாசலில் வைத்தே லாரியில் தண்ணீர் சேர்க்கச் சொல்வார்கள். விகிதம் 0.45-ஐத் தாண்டினால் நீங்க காசு கொடுத்து வாங்கின தரம் அங்கேயே போச்சு. தண்ணீர் சேர்த்தால் டிக்கெட்டில் எழுதுவது வழக்கம். டிக்கெட்டை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. கான்ட்ராக்டிலேயே "சி-2 வகுப்பு, டெலிவரி டிக்கெட் நகல் தரப்படும்" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்க. அதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

கூடவே கேட்க வேண்டியவை:

• கம்பி போட்டால் அது கான்கிரீட்டின் நடுவில் நிற்கிற மாதிரி சின்னத் தாங்கிகள் மேல் இருக்கணும். ஜல்லி மேல் படுத்துக் கிடக்கிற கம்பியால் பயன் இல்லை.

• விரிசலுக்கான வெட்டுக்கோடுகள் 5 இன்ச் தடிமனுக்கு சுமார் 10 முதல் 12 அடிக்கு ஒன்று, ஆழம் தடிமனில் கால் பங்கு. கான்கிரீட் எப்படியும் வெடிக்கும். நாம் சொல்கிற இடத்தில் வெடிக்க வைப்பதுதான் இந்த வெட்டு.

• வீட்டுச் சுவரையும் கராஜையும் தொடும் இடத்தில் நடுவே மெத்தென்ற பட்டை. தரை அசையும், வீடு அசையாது. ரெண்டையும் ஒட்டிவைத்தால் ஏதாவது ஒன்று உடையும்.

• சரிவு வீட்டை விட்டு வெளியே, அடிக்குக் கால் இன்ச் அளவில்.

• போர்ச், படி, கூரை தாங்கும் தூண் என்றால் கதையே வேறு. அதற்கு அடித்தளம் 4 அடி ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். டிரைவ்வேயோடு சேர்த்து மேலாக ஊற்றிவிட விடாதீங்க.

அதிகம் கொடுத்தால் உண்மையிலேயே லாபமா?

இது நம்ம ஏரியா. அ-வை எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் 4,000 டாலரை டி.எஃப்.எஸ்.ஏ.வில் போட்டால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. போட்டுப் பார்ப்போம்.

வருஷம் 5 சதவீதம் வளர்ந்தால் 4,000 டாலர் 8 வருஷத்தில் சுமார் 5,910 ஆகும். அ-வின் தரை 8 வருஷத்தில் மாற்றும் நிலைக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், பழைய கான்கிரீட்டை உடைத்து அள்ள 3,000, திரும்பப் போட 9,000, மொத்தம் 12,000. விலைவாசி ஏற்றத்தை நான் சேர்க்கவே இல்லை. கையில் 5,910, செலவு 12,000. பற்றாக்குறை 6,090. ஆ-வின் தரை அப்போதும் நின்றுகொண்டிருந்தால், "மிச்சம்" பிடித்தவருக்குத்தான் நஷ்டம்.

அ எத்தனை வருஷம் தாங்கினால் கணக்கு சமமாகும்? 4,000 டாலர் 12,000 ஆக, அதாவது மூன்று மடங்காக, 5 சதவீதத்தில் சுமார் 22 வருஷம் வேண்டும். 4 இன்ச் ஜல்லி மேல் போட்ட கான்கிரீட் களிமண்ணில் 22 குளிர்காலம் நன்றாக நிற்கும் என்று நம்பினால் அ-வை எடுங்க. நான் அந்தப் பந்தயம் கட்ட மாட்டேன்.

அதே சமயம், விலை அதிகம் என்பதாலேயே தரம் அதிகம் என்று அர்த்தம் இல்லை. 13,000 வாங்கிக்கொண்டு 4 இன்ச் ஜல்லி போடுகிறவரும் உண்டு. அதனால்தான் மொத்தத் தொகையை ஒப்பிடாதீங்க, இன்ச்சை ஒப்பிடுங்க என்கிறேன்.

"கேஷ்னா டாக்ஸ் இல்லை" என்றால்?

என்னிடம் வரிக் கணக்குக்கு வரும் ஒரு குடும்பம். பிராம்ப்டனில் வீடு. இரண்டு வருஷம் சேர்த்த பணத்தில் டிரைவ்வேயும் பக்கவாட்டு நடைபாதையும் போட்டார்கள். கேஷ், பில் கிடையாது, பேப்பரில் ஒரு கையெழுத்துகூட இல்லை. அடுத்த ஏப்ரலில் கராஜ் ஓரத்துத் தரை தூக்கி நின்றது. நடைபாதை வீட்டுப் பக்கம் சாய்ந்து, பனி உருகின தண்ணீர் பேஸ்மென்ட் சுவரில் இறங்கியது. கான்ட்ராக்டருக்குப் போன் போட்டால் எடுக்க ஆள் இல்லை. என்ன செய்யலாம் என்று கேட்டு வந்தபோது, நான் முதலில் கேட்டது "ஏதாவது எழுத்துல இருக்கா?" ஒரே ஒரு வாட்ஸாப் மெசேஜ் இருந்தது. அதில் இருந்தது நாளும் தொகையும் மட்டும்தான்.

9,000 டாலருக்கு 13 சதவீதம் ஹெச்.எஸ்.டி. என்றால் 1,170. அந்த 1,170-ஐ மிச்சம் பிடிக்கப் போய், என்ன வாங்கினோம் என்பதற்கான சாட்சியையே விட்டுக்கொடுக்கிறோம். வாய்ப்பேச்சும் சட்டப்படி ஒப்பந்தம்தான், ஆனால் நிரூபிப்பது யார்? வீட்டு இன்ஷூரன்ஸ் கைகொடுக்குமா என்றால், பெரும்பாலான பாலிசிகளில் மண் இறங்குவது, தூக்குவது, கான்கிரீட் விரிசல் விடுவது எல்லாம் விலக்கு பட்டியலில் இருக்கும். உங்க பாலிசியை எடுத்து ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

பில் கொடுக்கிறவரிடமும் அவருடைய ஹெச்.எஸ்.டி. எண்ணைக் கேட்டு சி.ஆர்.ஏ. இணையதளத்தில் சரிபாருங்க. இரண்டு நிமிட வேலை. பதிவே இல்லாமல் உங்களிடம் வரி வசூலிக்கிறவர் மற்ற விஷயத்தில் எப்படி இருப்பார்?

ஒன்டாரியோ சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் மூன்று ஆயுதங்கள்

ஒன்று: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, உங்க வீட்டில் வைத்துக் கையெழுத்தான ஒப்பந்தத்தை, அதன் எழுத்து நகல் உங்க கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். "இன்னைக்கே சைன் பண்ணினாதான் இந்த ரேட்" என்பவர் வாசலில் நிற்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

இரண்டு: ஒப்பந்தத்தில் மதிப்பீடு இருந்தால், இறுதி பில் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. கூடுதல் வேலைக்கு நீங்களே ஒத்துக்கொண்டிருந்தால் அது வேறு கணக்கு.

மூன்று, இது பலருக்குத் தெரியாது: கட்டுமானச் சட்டப்படி நீங்க கொடுக்கும் பணத்தில் 10 சதவீதத்தைப் பிடித்துவைக்க வேண்டும். இதற்கு ஹோல்ட்பேக் என்று பெயர். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். ஏன் தெரியுமா? உங்க கான்ட்ராக்டர் ரெடிமிக்ஸ் கம்பெனிக்கோ, மெஷின் ஓட்டினவருக்கோ பணம் கொடுக்கவில்லை என்றால், அவர்கள் உங்க வீட்டின் மேல் லீன் பதிவு செய்யலாம். நீங்க முழுப் பணத்தையும் ஏற்கனவே கொடுத்திருந்தாலும் பதிவு செய்யலாம்! 10 சதவீதத்தைப் பிடித்துவைத்திருந்தால் பொதுவாக உங்க பொறுப்பு அந்தத் தொகையோடு நின்றுவிடும். லீன் பதிவு செய்யும் காலம் பொதுவாக வேலை முடிந்து 60 நாள். அது கடந்ததும், லீன் எதுவும் பதிவாகவில்லை என்று பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாம்.

ஹோல்ட்பேக் என்பது வேலைத் தரத்துக்கான டெபாசிட் இல்லை. 60 நாளில் முதல் குளிர்காலமே முடியாது. அதற்கு எழுத்தில் வாரன்டி வேண்டும். "இரண்டு குளிர்காலத்துக்குள் தரை தூக்கினாலோ, இறங்கினாலோ, மேல்தோல் உரிந்தாலோ சொந்தச் செலவில் சரிசெய்து தரப்படும்" என்று தெளிவாக எழுதி வாங்குங்க.

பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

வேலை 14,000 டாலர், வரி தனி என்று வைத்துக்கொள்வோம். நான் சொல்லும் பிரிவு இது:

• கையெழுத்தின்போது அட்வான்ஸ்: 1,400

• தோண்டி, ஜல்லி போட்டு இறுக்கி முடித்து, நீங்க அளந்து பார்த்த பிறகு: 4,900

• கான்கிரீட் ஊற்றி, வெட்டுக்கோடு போட்டு, டிக்கெட் நகல் கைக்கு வந்த பிறகு: 6,300

• ஹோல்ட்பேக், 60 நாள் கழித்து: 1,400

இதில் உயிர்நாடி இரண்டாவது தவணை. கான்கிரீட் விழுகிறதுக்கு முந்தின நாள் ஒரு அளவு டேப்பை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போங்க. நாலு இடத்தில் ஓரத்தில் கிண்டி ஜல்லியின் ஆழம் பாருங்க, போட்டோ எடுங்க. பத்து நிமிஷம் ஆகும். நல்ல கான்ட்ராக்டர் கோபப்பட மாட்டார், உழைப்பைக் கவனிக்கிறாங்களேன்னு சந்தோஷம்தான் படுவார். 50 சதவீத அட்வான்ஸ் கேட்கிறவரிடம் இந்தத் தவணைப் பட்டியலைக் காட்டுங்க. அவர் முகத்திலேயே பாதி பதில் தெரிந்துவிடும்.

வருமான வரியில் ஏதாவது கிடைக்குமா?

நீங்க குடியிருக்கும் வீட்டுக்கு என்றால் கழிவு எதுவும் இல்லை. பில்லை மட்டும் பத்திரப்படுத்துங்க. பின்னாளில் அந்த வீட்டை வாடகைக்கு விட்டு, பிறகு விற்றால் அடக்க விலையில் சேர்க்கத் தேவைப்படலாம்.

வாடகைக்கு விட்ட வீடு என்றால், விரிசல் அடைப்பது மாதிரி வேலை அந்த வருஷச் செலவு. தாரை நீக்கி முழு கான்கிரீட் போட்டால் அது மூலதனச் செலவு, வருஷா வருஷம் தேய்மானமாகத்தான் எடுக்க முடியும். பேஸ்மென்ட் மட்டும் வாடகை என்றால் பங்கு பிரிக்க வேண்டும். அப்போது தேய்மானம் எடுத்தால் வீட்டை விற்கும்போது வரிவிலக்கில் அந்தப் பங்கு பாதிக்கப்படலாம். கேட்காமல் செய்யாதீங்க. குடியிருப்பு வாடகைக்கு ஹெச்.எஸ்.டி. திரும்பக் கிடைக்காது.

65 வயது தாண்டிய அப்பா அம்மா வீட்டில் இருக்கிறார்கள், அவர்கள் நடமாட்டத்துக்காகச் சரிவுப் பாதை போடுகிறீங்க என்றால் வீட்டு அணுகல் வரிச்சலுகைக்குத் தகுதி வரலாம். செலவு வரம்பு வருஷம் 20,000 டாலர். இதற்கும் பில் வேண்டும்.

கான்கிரீட்டே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடங்கள்

புதுக் குடியிருப்பில் வீடு வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லையா? பொறுங்க. வீட்டைச் சுற்றி நிரப்பிய மண் இறங்கி அடங்க சில வருஷம் ஆகும். அதற்குள் கான்கிரீட் போட்டால் அடியில் பள்ளம் விழுந்து தரை அந்தரத்தில் நிற்கும்.

இன்டர்லாக் கல்லுக்கு அடி ஜல்லி இன்னும் ஆழமாக வேண்டும், ஆரம்பச் செலவும் அதிகம். ஆனால் ஒரு இடம் இறங்கினால் அந்தக் கல்லை மட்டும் எடுத்து, மட்டம் பார்த்துத் திரும்ப வைக்கலாம். தார் மலிவு, கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஒட்டுப்போடலாம். கான்கிரீட் வளையாது, தூக்கினால் உடையும். ஐந்து வருஷத்தில் வீட்டை விற்கப் போகிறவர்கள் தாரையே யோசிக்கலாம்.

ஒட்டாவா, வின்னிபெக் நண்பர்களே, உங்க களிமண் இன்னும் முரட்டு ரகம், நான் சொன்ன ஆழம் உங்களுக்குப் போதாமல் போகலாம். உள்ளூர் இன்ஜினியரைக் கேளுங்க.

போட்ட பிறகு

ஊற்றியபின் ஒரு வாரம் ஈரம் காக்கணும், அல்லது அதற்கான பூச்சு அடிக்கணும். ஒரு வாரம் கார் ஏற்றாதீங்க. அக்டோபர் கடைசியில் அவசர அவசரமாக ஊற்ற விடாதீங்க. 5 டிகிரியும் அதற்குக் கீழும் போனால் போர்வை போட்டுக் காக்க வேண்டும். முதல் குளிர்காலம் முழுக்க உப்பு போடாதீங்க, மணல் தூவுங்க. அம்மோனியம் நைட்ரேட், அம்மோனியம் சல்பேட் கலந்த பனி உருக்கிகளை எப்போதுமே தொடாதீங்க, அவை கான்கிரீட்டையே அரிக்கும்.

தோண்டுவதற்கு முன் ஒன்டாரியோ ஒன் கால் மூலம் நிலத்தடிக் குழாய், கேபிள் குறியிட வேண்டும். இது சட்டப்படி கட்டாயம், செலவு இல்லை. டிரைவ்வேயை அகலப்படுத்துகிறீங்க என்றால் உங்க நகராட்சியில் முதலில் விதியைக் கேளுங்க.

கொட்டேஷன் கேட்கும்போது வாசிக்க வேண்டிய 7 கேள்விகள்

1. எத்தனை இன்ச் தோண்டுவீங்க? தோண்டின மண்ணை அள்ளுவது விலைக்குள்ளேயா?

2. ஜல்லி இறுக்கின பிறகு எத்தனை இன்ச் இருக்கும்? எத்தனை அடுக்கு?

3. அடி மண்ணின் சரிவு எந்தப் பக்கம்?

4. கான்கிரீட் சி-2 தானா? டிக்கெட் தருவீங்களா?

5. வெட்டுக்கோடு எத்தனை அடிக்கு ஒன்று?

6. உங்க ஹெச்.எஸ்.டி. எண், பொறுப்பு இன்ஷூரன்ஸ் பேப்பர் காட்ட முடியுமா?

7. வாரன்டி எத்தனை குளிர்காலத்துக்கு, எழுத்தில் உண்டா?

மூன்று பேரிடம் கேட்டு, பதில்களை ஒரே எக்ஸெல் ஷீட்டில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்க. மொத்த விலையைக் கடைசிக் காலத்தில் வையுங்க. அதற்கு முன்னால் இருக்கும் காலங்களை நிரப்பும்போதே யாரைக் கூப்பிடணும்னு உங்களுக்குத் தெரிந்துவிடும்.

உங்க கையில் இப்போ கொட்டேஷன் இருந்தால், பெயரையும் விலாசத்தையும் மறைத்துவிட்டு, எத்தனை சதுர அடி, எத்தனை இன்ச், எவ்வளவு தொகை என்று மட்டும் கமென்டில் எழுதுங்க. அடுத்த வீடியோவில் சிலவற்றை எடுத்து வரி வரியாகப் பிரித்துப் பார்ப்போம். இந்த வசந்தத்தில் டிரைவ்வே போடப் போகிற சொந்தக்காரர் யாராவது இருந்தால், அவர் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடியே இதை அனுப்பிடுங்க.

(இது பொதுவான தகவல். சட்ட, வரி விஷயங்களில் உங்க சூழ்நிலைக்கு ஏற்ப உரிய ஆலோசகரைக் கேட்டு முடிவு எடுங்க.)